தலைச்சுற்றலின் காரணம் எது?



தட்டாமாலை சுற்றி விளையாடாத குழந்தை தமிழ்நாட்டில் இருந்திருக்க முடியாது. கைகளை விரித்து, நின்ற இடத்திலேயே சுழன்று, சட்டென்று நின்றவுடன் வீடும் மரமும் வானமும் தன்னைச் சுற்றி ஓடக் கண்டு குழந்தை சிரிக்கிறது. அந்தச் சுழற்சி சில நொடிகளில் தானே அடங்கிவிடும் என்பது அதற்குத் தெரியும். ஆனால் தாமும் சுழலாமல், தம்மைப் பிறர் சுழற்றாமலும், படுக்கையில் அசையாது கிடக்கும் ஒருவருக்கு அறை முழுதும் சுழலத் தொடங்கினால் அங்கே சிரிப்புக்கு இடம் ஏது? அச்சம் ஒன்றுதான் எஞ்சி நிற்கிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தத் தலைச்சுற்றல். நான் மருத்துவன் அல்லன். கணக்கு அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வடநாட்டு நகரம் ஒன்றில் வாழ்கிறேன். அவற்றுள் பதினோர் ஆண்டுகளைத் தலைச்சுற்றலோடு கழித்திருக்கிறேன். ஆகவே, நோயைப் பற்றி நூல்கள் கூறுவதையும், நோயாளி அனுபவித்து அறிவதையும் சேர்த்துச் சொல்லலாம் என்று துணிந்தேன்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். தலைச்சுற்றல் தனியொரு நோயன்று; அது ஓர் அறிகுறி. புகையைக் கண்டால் நெருப்பு எங்கே என்று தேடுகிறோம். அந்நெருப்பு அடுப்பிலும் இருக்கலாம், கூரையிலும் இருக்கலாம். தலைச்சுற்றலும் அப்படியே. காதிலிருந்து எழலாம், மூளையிலிருந்து எழலாம், இரத்த ஓட்டத்திலிருந்தோ, உண்ணும் மருந்திலிருந்தோ, மனக்கலக்கத்திலிருந்தோ எழலாம். காரணத்தைத் தேடாமல் சுற்றலை மட்டும் அடக்க முயல்வது, புகை வராதபடி சன்னலைச் சாத்துவது போன்றது.

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நமக்கு இத்தேடலில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. அது மொழியைப் பற்றியது.

நம் வீட்டுப் பெரியோர்கள் பேசுவதைக் கேளுங்கள். 'தலை சுற்றுகிறது' என்பார்கள். 'கிறுகிறுப்பாக வருகிறது' என்பார்கள். 'கண் இருட்டிக்கொண்டு வருகிறது', 'தள்ளாடுகிறது', 'தலை கனக்கிறது', 'மயக்கமாக இருக்கிறது' என்றெல்லாம் சொல்வார்கள். இவை ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வரும் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு அனுபவத்தைக் குறிப்பது. தலை சுற்றுகிறது என்பவர் உலகம் சுழலக் காண்கிறார். கண் இருட்டுகிறது என்பவர் நினைவு தப்பும் நிலையை நெருங்குகிறார். தள்ளாடுகிறது என்பவருக்குப் படுத்தால் ஒன்றுமில்லை, நடந்தால்தான் தொல்லை. இவ்வளவு நுட்பமான சொற்களை நாம் தில்லியிலோ மும்பையிலோ மருத்துவர் முன் அமர்ந்தவுடன் எப்படிப் பெயர்க்கிறோம்? 'சக்கர்' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். கொல்கத்தாவில் வாழ்வோர் 'மாத்தா கோரா' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். ஆறு வகையான துன்பங்கள் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மருத்துவரும் ஒரே வகை மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் இது நேர்ந்தது. திருநெல்வேலிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் மகனோடு வசிப்பதற்காக வடக்கே வந்து சேர்ந்தார். 'எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது' என்றார் அவர். மகன் அதைச் 'சக்கர்' என்று பெயர்த்தார். சுற்றலை அடக்கும் மாத்திரை எட்டு மாதம் கொடுக்கப்பட்டது. அம்மையார் இருமுறை கீழே விழுந்தார். பின்னர் வேறொரு மருத்துவர் அவரைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தார். நின்ற மூன்று நிமிடத்திற்குள் அழுத்தம் மிகவும் தாழ்ந்தது. இரத்த அழுத்தத்திற்காக அவர் உண்டு வந்த மருந்தின் அளவு கூடுதலாக இருந்ததே காரணம். அளவு குறைக்கப்பட்டது, கண் இருட்டுவதும் நின்றது. மூதாட்டி சொன்ன வாக்கியத்தில் நோயின் காரணம் முதல் நாளே இருந்தது; மொழிபெயர்ப்பில்தான் அது தவறிப்போயிற்று.

இனி, தலை ஏன் சுற்றுகிறது என்பதைக் காண்போம். நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். கண் ஒன்று, பாதத்திலும் மூட்டுகளிலும் கழுத்திலும் உள்ள உணர்வு நரம்புகள் மற்றொன்று, உட்செவி மூன்றாவது. மூன்றும் ஒரே செய்தியைக் கூறும்வரை நமக்குச் சமநிலை என்ற ஒன்று இருப்பதே தெரிவதில்லை. ஒன்று மட்டும் மாறிச் சொன்னால் மூளை குழம்புகிறது. அக்குழப்பத்தின் பெயரே தலைச்சுற்றல்.

ஒவ்வொரு காதின் உள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுள் நீர் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது அந்நீர் சற்றுப் பின்தங்கி, அங்குள்ள நுண்ணிய மயிரணுக்களை வளைக்கிறது. தலை எப்பக்கம் திரும்பிற்று என்ற செய்தி அந்நொடியே மூளைக்குச் செல்கிறது. தட்டாமாலை சுற்றி நின்ற குழந்தைக்குக் கால் நின்றுவிட்டது. குழலுக்குள் இருக்கும் நீரோ நிற்கவில்லை. அதனால்தான் மரம் ஓடுகிறது.

இரு காதுகளும் இரட்டை மாட்டு வண்டியின் காளைகள் போன்றவை. இரண்டும் சமமாக இழுக்கும்வரை வண்டி நேரே செல்லும். ஒரு காளை சோர்ந்து படுத்துவிட்டால், மற்றொன்று வலிமையோடு இருப்பதாலேயே வண்டி வட்டமிடத் தொடங்கும். ஒரு பக்கத்துச் செவிநரம்பு திடீரெனச் செயலிழந்தால் நேர்வது இதுதான்.

இவ்வளவும் அறிவதற்கு உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. 1861ஆம் ஆண்டுவரை இத்தகைய சுற்றலை மூளையில் இரத்தம் தேங்குவதால் வரும் கோளாறு என்றே பெரும்பாலான மருத்துவர்கள் எண்ணினர். பாரிஸ் நகரில் செவிடர் ஊமையர் நிலையத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியேர் என்பவர், சுற்றலும் காதிரைச்சலும் கேள்விக் குறைவும் சேர்ந்து வருமானால் அதன் இருப்பிடம் உட்செவியே என்று அவ்வாண்டில் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். இன்று அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அடுத்து வந்தவர் வியன்னாவில் பிறந்த ராபர்ட் பாரானி. காதைக் கழுவும்போது நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதை அவர் கண்டார். நீர் போதிய சூடாக இல்லாததால்தான் சுற்றுகிறது என்று நோயாளி ஒருவர் குறைகூறினார். மற்றவராயின் அதைப் பொருட்படுத்தாது விட்டிருப்பர். பாரானி அதைப் பற்றிக்கொண்டு ஆராய்ந்தார். குளிர்ந்த நீர் ஊற்றினால் கண்மணிகள் ஒரு திசையிலும், வெந்நீர் ஊற்றினால் எதிர்த்திசையிலும் துடிப்பதைக் கண்டு, உட்செவியைச் சோதிக்கும் முறையொன்றை வகுத்தார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது அவர் ருஷ்ய நாட்டில் போர்க் கைதியாக இருந்தார். 1916இல்தான் விடுதலை பெற்றார். நோயாளி தன் அனுபவத்தைச் சொல்வதும், மருத்துவர் அதைச் செவிமடுப்பதும் எவ்வளவு பயன் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

என் அனுபவத்தையும் சிறிது கூறுகிறேன். என் ஐம்பத்து நான்காம் வயதில், விடியற்காலையில் படுக்கையில் வலப்புறம் புரண்டபோது உத்திரமும் விளக்கும் சுழன்றன. அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. வயிற்றுப் புரட்டல் மட்டும் நண்பகல்வரை நீடித்தது. பித்தம் என்றார் ஊரிலிருந்து வந்திருந்த உறவினர். இரத்த அழுத்தம் என்றார் முதல் மருத்துவர். கழுத்தெலும்பைப் படமெடுத்துப் பார்த்த இரண்டாமவர், எலும்பு தேய்ந்திருக்கிறது என்று கழுத்துப் பட்டை அணிவித்தார். வடநாட்டில் இதற்குச் 'சர்வைகல்' என்று வீட்டுக்கு வீடு வழங்கும் பெயர் உண்டு. ஐம்பதைக் கடந்த பெரும்பாலோரின் கழுத்தெலும்பு, தொல்லை ஏதும் இல்லாதபோதும், படத்தில் தேய்ந்தே தோன்றும் என்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. நான்காண்டுகள் பட்டையும் மாத்திரையுமாகக் கழிந்தன. மிதிவண்டியை விட்டேன், மாடிப்படி ஏறுவதை விட்டேன், இரயிலில் மேல் தட்டில் படுப்பதை விட்டேன். வலப்புறம் திரும்பிப் படுப்பதையே மறந்தேன்.

பிறகு ஒரு மருத்துவர், படம் எதையும் பார்க்குமுன், என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். அந்த மூன்றையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி: ஒருமுறை சுற்றல் வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது? இரண்டாவது: எதைச் செய்யும்போது வருகிறது? மூன்றாவது: அதனோடு கூட வேறு என்ன வருகிறது?

ஒரு நிமிடத்திற்கு உட்பட்ட சுற்றல், படுக்கையில் புரளும்போதும், படுக்கும்போதும், அண்ணாந்து பரணைப் பார்க்கும்போதும் வருமானால், அது பெரும்பாலும் உட்செவியில் துகள் இடம்பெயர்ந்ததால் வருவது. நம் செவிக்குள் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்படிகங்கள் உள்ளன. அவை தம் இருப்பிடத்திலிருந்து உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்துவிட்டால், தலை அசையுந்தோறும் அங்குள்ள நீரைக் கலக்கி, இல்லாத சுழற்சியை இருப்பதாகக் காட்டும். எழுந்து நிற்கும்போது மட்டும் வருவது வேறு. அது இரத்த அழுத்தத் தாழ்வாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. படுத்தபடியே புரளும்போது இரத்த அழுத்தம் தாழ்வதற்கு ஏதுவில்லை. ஆகவே புரளும்போது சுற்றுமாயின் காதையே ஐயுற வேண்டும்.

சில மணி நேரம் நீடிக்கும் சுற்றலோடு காதடைப்பும் இரைச்சலும் கேள்விக் குறைவும் சேர்ந்து வந்தால் அது மெனியேர் நோயாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலி உடையோருக்கு வரும் சுற்றல் சில நிமிடம் முதல் மூன்று நாள்வரை நீடிப்பதுண்டு. ஒளியும் ஓசையும் அப்போது பொறுக்கமுடியாதவை ஆகும். தலைவலியே இல்லாமலும் அது வரும். பல நாட்கள் இடைவிடாமல் நீடிக்கும் கடுஞ்சுற்றல், செவிநரம்பின் அழற்சியால் வருவதாகலாம். மூளையின் பின்பகுதியில் இரத்த ஓட்டம் தடைப்பட்டதாலும் வரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுற்றலோடு பேச்சுக் குழறினாலும், பார்வை இரண்டாகத் தெரிந்தாலும், முகமோ கையோ காலோ மரத்தாலும் வலுவிழந்தாலும், இதுவரை அறியாத கடுந்தலைவலி எழுந்தாலும், திடீரெனக் காது கேளாமற் போனாலும், பற்றுக்கோடின்றி நிற்கவே முடியாமற் போனாலும், எலுமிச்சம்பழமும் இஞ்சிச் சாறும் கொடுத்துக்கொண்டு விடியும்வரை காத்திராதீர்கள். அந்நொடியே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் சி.டி. படத்தில் இத்தகைய அடைப்புத் தெரியாமலும் போகலாம். ஆதலால் படம் நன்றாக இருக்கிறது என்ற ஒன்றைக்கொண்டு திரும்பிவிடாமல் மருத்துவரின் முழுச் சோதனையையும் வேண்டிப் பெறுங்கள்.

மருந்தும் காரணமாகலாம் என்றேன். காசநோய்க்கு நெடுங்காலம் வழங்கிய ஸ்டிரெப்டோமைசின், கடுந்தொற்றுக்கு இடும் ஜெண்டாமைசின் போன்றவை உட்செவியின் மயிரணுக்களை அழிக்க வல்லவை. சருக்கரை நோய், இரத்தச் சோகை, இதயத் துடிப்பின் கோளாறு ஆகியவையும் மயக்கத்தை உண்டாக்குவன. எனவே உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்வது நல்லது.

என் கதைக்கு மீள்கிறேன். மூன்று கேள்விக்கும் விடை பெற்ற மருத்துவர், என் தலையை வலப்புறம் திருப்பி, என்னைச் சட்டென மல்லாக்கப் படுக்க வைத்து, என் கண்களை உற்று நோக்கினார். சில நொடிகளில் சுற்றல் எழுந்தது, கண்மணிகள் துடித்தன. 1952ஆம் ஆண்டில் இலண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற இருவர் விளக்கிய சோதனை அது. ஒரு கட்டிலும் இரு கைகளும் போதும். விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டா. பின்னர், ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் வெளியிட்ட முறைப்படி, என் தலையை ஒவ்வொரு நிலையிலும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபுறம் திருப்பி, உடலையும் புரட்டி, எழுப்பி உட்கார வைத்தார். குழலுக்குள் புகுந்த துகள் வந்த வழியே வெளியேறுவதற்கான உத்தி இது. எப்லி இதை முதன்முதல் சொன்னபோது சக மருத்துவர் பலர் நம்பவில்லை. இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. நான்காண்டுத் துன்பம் கால் மணி நேரத்தில் தணிந்தது.

தணிந்தது என்றேனே தவிர, ஒழிந்தது என்று கூறவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் துன்பம் முழுதும் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தல் தகாது. இத்துகள்கள் மீண்டும் உதிரலாம். எனக்கு இருமுறை உதிர்ந்தன. வைட்டமின் டி குறைவாக இருப்போர்க்கு இது திரும்பத் திரும்ப வரும் வாய்ப்பு மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வெயில் நுழையாத அடுக்ககங்களில் வாழ்வோர் இதனைக் கருத வேண்டும். அன்றியும், சுற்றல் நின்ற பின்னும் பல மாதம் நான் சுவரை ஒட்டியே நடந்தேன். விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் உடலில் ஊறிவிட்டது. சிலருக்கு இத்தள்ளாட்டமே மூன்று மாதத்திற்கு மேல் நிலைத்துத் தனி நோயாக உருவெடுப்பதும் உண்டு. இதனைக் கற்பனை என்றோ, வேலை செய்ய மனமில்லாத சோம்பல் என்றோ வீட்டார் எள்ளுதல் ஆகாது. பெண்களிடம் இவ்வாறு சொல்லும் வழக்கம் நம்மிடையே மிகுதி.

அதற்கும் வழி இருக்கிறது. 1940களில் இங்கிலாந்தில் காதார்ன், குக்சி என்ற இரு மருத்துவர்கள் சில பயிற்சிகளை வகுத்தனர். உட்கார்ந்தபடி கண்ணை அசைத்தல், தலையை மெல்லத் திருப்புதல், நின்று பந்தெறிதல், கண்மூடி நடத்தல் எனப் படிப்படியாக ஏறும் பயிற்சிகள் அவை. சுற்றல் வருமே என்று அசைவை ஒதுக்கினால் மூளை கற்பதில்லை. அளவோடு அசைந்தால் எஞ்சிய சாட்சிகளைக் கொண்டு சமநிலையை மீட்டுக்கொள்ளக் கற்கிறது. ஒரு காளை சோர்ந்தாலும் வண்டிக்காரன் பழகிக்கொண்டு வண்டியை நேரே செலுத்துவது போன்றது இது. சுற்றலை அடக்கும் மாத்திரைகள் முதல் சில நாட்களுக்கே உரியவை. மாதக்கணக்கில் உண்டால் இக்கற்றலை அவை தடுக்கும். அவற்றுட் சில, முதியோருக்குக் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் உண்டாக்கும். எனினும், மருத்துவரைக் கேளாமல் எம்மருந்தையும் நிறுத்தாதீர்கள். எந்தக் காது, எந்தக் குழல் என்று அறியுமுன் எப்லியின் முறையைத் தாமே வீட்டில் செய்து பார்ப்பதும் வேண்டா.

வீட்டில் செய்யத்தக்கவை சில உண்டு. குளியலறையில் பிடிகம்பி அமையுங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும். இருளில் கண் என்னும் சாட்சி இல்லாமற் போகிறது. படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்து பின் நில்லுங்கள். சுற்றல் அடங்காத காலத்தில் வண்டி ஓட்டாதீர்கள், ஏணியில் ஏறாதீர்கள்.

இறுதியாக, நம்மில் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். மகனையோ மகளையோ நம்பி, மொழி தெரியாத ஊருக்கு வந்து சேர்ந்த பெற்றோர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மருத்துவர் முன் அவர்களுக்கு நாவாக இருப்பவர்கள் நீங்கள். ஒரு சிறு குறிப்பேடு வாங்குங்கள். சுற்றல் வந்த நாள், நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், கூட என்ன வந்தது என்பவற்றை அன்றன்றே எழுதுங்கள். அவர்கள் எந்தச் சொல்லால் சொன்னார்களோ அந்தச் சொல்லையே தமிழில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் 'சக்கர்' என்று ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு நிற்காமல், 'படுக்கையில் இடப்புறம் திரும்பினால் அறை சுழல்கிறது. இருபது நொடி இருக்கிறது' என்று முழு வாக்கியத்தையும் அவர் மொழியில் பெயர்த்துச் சொல்லுங்கள். அதற்கு உயர்ந்த இந்திப் புலமை வேண்டியதில்லை. பெற்றோர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டால் போதும்.